உயிர்ச்சத்து 'கே': பச்சிளங்குழந்தையும் செயற்கை வால்வும்

(ரூவியில் பெற்றோர், இளையோர் சந்திப்பொன்றில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வளைகுடா மண்ணில் உயிர்ச்சத்து என்றதும் நினைவுக்கு வருவது 'டி'. ஆண்டு முழுவதும் வெயில் காயும் நாட்டில், அந்த வெயிலுக்கே அஞ்சிக் குளிரூட்டிய அறைகளுக்குள் வாழும் மக்களுக்கு வெயில் தரும் சத்து குறைந்துபோகிறது. ஆகவே 'டி' மாத்திரை வாங்காத குடும்பம் இங்கே குறைவு. அண்மை ஆண்டுகளில் அதே மாத்திரையோடு 'கே2' என்ற இன்னொன்றையும் சேர்த்து விற்கிறார்கள். எலும்புக்கு நல்லது, இதயத்துக்கு நல்லது என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. வாங்குவோரில் பலருக்கு அந்த 'கே' என்ன செய்கிறது என்பது தெரியாது.

நலமாக உண்டு நடமாடும் பெரியவருக்கு உயிர்ச்சத்து 'கே' குறைவது மிக அரிது. ஈரல் நோய், பித்தநாள அடைப்பு, கொழுப்பைச் செரிக்க முடியாத குடல் நோய், நீண்ட நாள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஆகிய நிலைகளில்தான் பெரும்பாலும் அது குறைகிறது. ஆனால் இருவருக்கு மட்டும் இச்சத்தின் அளவு உயிரோடு தொடர்புடையது. ஒருவர், நேற்றுப் பிறந்த குழந்தை. மற்றவர், குருதி உறையாதிருக்க நாள்தோறும் மாத்திரை உண்பவர். இவ்விருவருமே புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் இருக்கிறார்கள். இரண்டு நாடுகளுக்கிடையே, இரண்டு மருத்துவ முறைகளுக்கிடையே இவர்கள் பயணம் செய்வதால் வரும் இடர் தனியானது. இவ்வுரை பெரும்பாலும் அதைப் பற்றியதே.

முதலில் இச்சத்தின் கதை. 1929-ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஹென்ரிக் டாம் என்னும் அறிவியலாளர் கோழிக்குஞ்சுகளுக்குக் கொழுப்பு நீக்கிய தீவனம் கொடுத்து ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவர் அறிய விரும்பியது கொலஸ்டிரால் பற்றி. குஞ்சுகளுக்கோ தோலடியிலும் தசையிலும் குருதி கசிந்தது. எடுத்த குருதி விரைவில் உறையவில்லை. கொழுப்போடு சேர்ந்து வேறேதோ ஒரு பொருளும் தீவனத்திலிருந்து நீங்கிவிட்டது என்று அவர் உணர்ந்தார். 1935-இல் அதற்குப் பெயர் சூட்டினார். 'கோகுலேஷன்', அதாவது உறைதல், என்ற சொல் டேனிஷ் மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் 'கே' எழுத்தில் தொடங்குகிறது. பெயர்க்காரணம் அவ்வளவே.

1939-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எட்வர்டு டாய்சி குழுவினர் அப்பொருளைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். எதிலிருந்து எடுத்தார்கள் என்பது ஓமானில் வாழ்வோருக்குச் சுவையான செய்தி. குதிரைமசால் என்னும் தீவனப் பயிரிலிருந்துதான். ஓமானின் பண்ணைகளில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் பயிரிடப்படும் அதே பச்சைக் கட்டு. டாமுக்கும் டாய்சிக்கும் 1943-ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

பச்சிலைகளில் இருப்பது 'கே1'. நுண்ணுயிர்கள் உருவாக்குவதும், புளிக்கவைத்த சில உணவுகளில் கிடைப்பதும் 'கே2'. இரண்டும் செய்யும் அடிப்படை வேலை ஒன்றே. குருதியை உறையவைக்கும் புரதங்களில் சில ஈரலில் உருவாகின்றன. அவை கால்சியத்தைப் பற்றிக்கொண்டால்தான் காயம்பட்ட இடத்தில் ஒட்டிப் பணியாற்ற முடியும். கால்சியத்தைப் பற்றும் கொக்கியை அப்புரதங்களில் பொருத்திக் கொடுப்பது உயிர்ச்சத்து 'கே'. சத்து இல்லையேல் புரதம் இருக்கும், கொக்கி இருக்காது. எலும்பிலும் குருதிக்குழாய்ச் சுவரிலும் உள்ள சில புரதங்களுக்கும் இதே கொக்கி தேவைப்படுகிறது. 'கே2' விற்பனையின் அடித்தளம் அதுதான்.

இனிக் குழந்தையைப் பற்றி.

தாயின் குருதியிலிருந்து கருவிலுள்ள குழந்தைக்கு இச்சத்து மிகச் சிறிதளவே கடந்து செல்கிறது. பிறந்தவுடன் குழந்தையின் குடலில் நுண்ணுயிர்கள் நிலைபெற்றிருப்பதில்லை. தாய்ப்பாலுக்கு நிகரான உணவு உலகில் இல்லை என்பது உண்மை. ஆயினும் இந்த ஒரு சத்து அதில் மிகக் குறைவு. தாய் கூடை கூடையாகக் கீரை உண்டாலும் அக்குறை தீராது. இதனால் சில குழந்தைகளுக்குக் குருதிப்போக்கு ஏற்படுகிறது. முதல் 24 மணி நேரத்துக்குள் வருவது, தாய் வலிப்பு நோய்க்கோ காசநோய்க்கோ உரிய சில மருந்துகளை உட்கொண்டிருந்தால் பெரும்பாலும் நேர்வது. முதல் வாரத்தில் வருவது தொப்புளிலும் குடலிலும் தென்படும். அஞ்சத்தக்கது மூன்றாவது வகை. இரண்டாம் வாரத்திலிருந்து ஆறு மாதம் வரை எப்போது வேண்டுமானாலும், முன்னறிவிப்பின்றி, பெரும்பாலும் மூளைக்குள் வருகிறது. கொழுகொழுவென்று வளர்ந்துவரும், தாய்ப்பால் மட்டுமே அருந்தும் குழந்தைக்கு ஒரு நாள் திடீரென வாந்தி, வலிப்பு, உச்சிக்குழியில் புடைப்பு. பிழைக்கும் குழந்தைகளில் பலருக்கு மூளைப் பாதிப்பு வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது.

இதைத் தடுக்கும் வழியோ மிக எளிது. பிறந்த சில மணி நேரத்துக்குள் தொடையில் ஒரு மில்லிகிராம் உயிர்ச்சத்து 'கே' ஊசி. எடை மிகக் குறைந்த குழந்தைகளுக்கு அதில் பாதி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1961 முதலே இதைப் பரிந்துரைத்து வருகிறது. இந்திய நடுவண் அரசின் நலவாழ்வுத் துறை, மருத்துவ நிலையங்களில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இவ்வூசி போடப்பட வேண்டும் என்று 2014-இல் நெறிமுறை வெளியிட்டது.

இருந்தும் ஊசியை மறுக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். படித்தவர்கள் அதில் மிகுதி என்பதுதான் வருத்தத்துக்குரியது. 1992-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு, இவ்வூசிக்கும் குழந்தைப் புற்றுநோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்று கூறியது. அடுத்த ஆண்டே சுவீடனில் பதின்மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. பின்னர் வந்த ஆய்வுகளும் அந்த ஐயத்தை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் ஐயம் பரவிய விரைவில் மறுப்பு பரவவில்லை. 2013-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒரே ஆண்டில் நான்கு குழந்தைகள் இத்தகைய குருதிப்போக்கோடு கொண்டுவரப்பட்டனர். மூவருக்கு மண்டைக்குள், ஒருவருக்குக் குடலில். நால்வரின் பெற்றோரும் பிறந்தபோது ஊசியை வேண்டாம் என்றவர்கள்.

தமிழ்நாட்டிலும் மருத்துவமனையே வேண்டாம், வீட்டிலேயே பிரசவம் என்று ஒரு போக்கு கிளம்பியது. 2018 ஜூலையில் திருப்பூரில் அவ்வாறு முயன்ற இளந்தாய் ஒருவர் குருதிப்போக்கால் உயிரிழந்தார். அது தாய்க்கு நேர்ந்தது, இச்சத்தோடு தொடர்பற்றது. எனினும் வீட்டில் பிறக்கும் குழந்தைக்கு இவ்வூசி போட யாரும் இருக்கமாட்டார்கள் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். பாட்டி இழைத்துக் கொடுக்கும் உரைமருந்தில் அன்பு உண்டு, உயிர்ச்சத்து 'கே' இல்லை.

வளைகுடாவில் வாழும் குடும்பங்களில் பிரசவம் சில வேளை மஸ்கட்டில், சில வேளை ஊரில். ஊரில் பிறந்த குழந்தை இரண்டு மூன்று மாதங்களில் விமானமேறி இங்கே வருகிறது. ஊசி போடப்பட்டதா என்று இங்குள்ள மருத்துவர் கேட்டால், 'எல்லா ஊசியும் போட்டாயிற்று' என்பதே விடையாக வருகிறது. தடுப்பூசிகள் வேறு, இது வேறு. காது குத்துவதற்கு முன்போ, கத்னா செய்வதற்கு முன்போ இந்த வினாவுக்குத் தெளிவான விடை வீட்டிலிருக்க வேண்டும். பிறந்த மருத்துவமனை தரும் தாளில் ஊசியின் பெயரும் நாளும் அளவும் எழுதப்பட்டிருக்கிறதா என்று புறப்படும் முன் பார்த்துவிடுவது தந்தையின் கடமை. மஞ்சள் காமாலை இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, மலம் வெளுத்துப் போனாலோ, காரணமின்றித் தோலில் கன்றிய தடம் தோன்றினாலோ, மூக்கிலோ தொப்புளிலோ சிறிது குருதி கசிந்தாலோ காத்திருக்கக் கூடாது.

இரண்டாமவரின் கதை ஒரு மாட்டிலிருந்து தொடங்குகிறது. 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் மாடுகள் சிறு காயத்துக்கே குருதி வடிந்து மடிந்தன. பூசணம் பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகளுக்கே அது நேர்கிறது என்று கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு கண்டறிந்தார். 1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் உழவர் ஒருவர், பனிப்புயலுக்கிடையே, இறந்த கிடாரியையும் உறையாத குருதி நிறைந்த பால் பாத்திரத்தையும் மேடிசன் நகரிலுள்ள கார்ல் பால் லிங்க் என்பவரின் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். ஆறாண்டு உழைப்புக்குப் பின் 1939-இல் அந்த நச்சுப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் வழிவந்ததே வார்ஃபரின். 1948-இல் எலி நஞ்சாகச் சந்தைக்கு வந்தது. 1951-இல் அமெரிக்கப் படையில் சேர்ந்த இளைஞர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள அதைப் பெருமளவு உண்டார். உயிர்ச்சத்து 'கே' கொடுக்கப்பட்டுப் பிழைத்தார். நஞ்சுக்கு மாற்று உண்டு என்ற துணிவு அப்போது பிறந்தது. 1955-இல் மாரடைப்புற்ற அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கும் அதே மருந்து தரப்பட்டது.

வார்ஃபரின் செய்வது இவ்வளவே: ஒருமுறை பயன்பட்ட உயிர்ச்சத்து 'கே' மீண்டும் புதுப்பிக்கப்படுவதைத் தடுக்கிறது. கொக்கிகள் குறைகின்றன, குருதி உறையும் வேகம் தணிகிறது. ஆக மருந்தும் சத்தும் தராசின் இரண்டு தட்டுகள்.

யாருக்கு இம்மருந்து? சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டுப்போனவர்கள் தமிழ்நாட்டின் ஏழைக் குடும்பங்களில் இன்றும் உண்டு. அவர்களிற் பலர் செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவர்கள். ஒரு காலத்தில் அவ்வால்வு முழுவதும் இறக்குமதி, எட்டாத விலை. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் மறைந்த மருத்துவர் வலியத்தான் தலைமையில் பல்லாண்டு முயன்று, முந்தைய வடிவங்கள் தோற்ற பின்னும் தளராது, உள்நாட்டு வால்வு ஒன்றை உருவாக்கினர். 1990 டிசம்பர் 6 அன்று அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றுவரை ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு 'சித்ரா' வால்வு பொருத்தப்பட்டுள்ளது. உலோக வளையமும் நெகிழி வட்டும் கொண்ட அவ்வால்வின் மீது குருதி உறைந்தால் வால்வு அடைபடும், அல்லது கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதம் வரும். ஆகவே மாத்திரை வாழ்நாள் முழுவதும்.

உயிர்ச்சத்து 'கே'-யோடு தொடர்பில்லாத புதிய குருதியுறைவுத் தடுப்பு மருந்துகள் வந்துவிட்டனவே என்று இளையோர் கேட்கக்கூடும். செயற்கை வால்வு உள்ளோரிடம் டாபிகாட்ரான் என்ற புதிய மருந்தைச் சோதித்த ஆய்வு, குருதிக்கட்டியும் குருதிப்போக்கும் மிகுந்தமையால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. முடிவுகள் 2013-இல் வெளியாயின. வாதக் காய்ச்சலால் வந்த இதய நோயும் சீரற்ற துடிப்பும் உள்ள ஏறத்தாழ 4,500 பேரிடம் இந்தியா உட்படப் பல நாடுகளில் நடந்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. அதிலும் பழைய மருந்தே மேல் என்று தெரிந்தது. ஏழைகளின் இதய நோய்க்கு எலி நஞ்சிலிருந்து வந்த மருந்தே இன்றளவும் துணை.

இனி, ரூவியின் பின்தெருக்களில் ஓர் அறையில் நான்கைந்து பேராக வாழும் தொழிலாளர்களின் உணவை எண்ணிப் பார்க்க வேண்டும். காலையில் பரோட்டா, பகலில் சோறும் குழம்பும், இரவில் குப்பூசும் கோழியும். கீரை ஆய்ந்து சமைக்க யாருக்கும் நேரமில்லை. அந்த உணவுக்கு ஏற்றவாறு மாத்திரையின் அளவு மெல்ல மெல்ல நிலைபெறுகிறது. இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊருக்குச் செல்கிறார். மெலிந்துவிட்டாரே என்று அன்னையும் மனைவியும் நாள்தோறும் முருங்கைக்கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி என்று எண்ணெயில் தாளித்துப் பரிமாறுகிறார்கள். கொழுப்பில் கரையும் இச்சத்துக்கு அந்தத் தாளிப்பு நல்ல துணை; சமைத்தாலும் பெரிதாக அழிவதில்லை. மாத்திரையின் ஆற்றல் குறைகிறது. அங்கே அளவைக் கூட்டுகிறார்கள். விடுப்பு முடிந்து அதே கூட்டிய அளவோடு ரூவிக்குத் திரும்பிப் பழையபடி பரோட்டாவுக்கு வந்தால், இப்போது தராசு மறுபக்கம் சாய்கிறது. பல் ஈறில் குருதி, சிறுநீரில் குருதி.

இதற்கு விடை கீரையை விலக்குவதன்று. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். 'கீரை தொடாதே' என்று சொல்லி அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இச்சத்தை மிகக் குறைவாக உண்பவர்களுக்குத்தான் சிறு மாற்றமும் பெரிதாகத் தெரிகிறது. 2007-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்த ஓர் ஆய்வில், வார்ஃபரின் உண்டும் அளவு நிலைகொள்ளாதவர்களுக்கு நாள்தோறும் 150 மைக்ரோகிராம் உயிர்ச்சத்து 'கே' கொடுத்தபோது நிலை சீரானது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அதே பயனைக் காட்டவில்லை. ஆகவே யாரும் தாமாக அம்மாத்திரையை வாங்கலாகாது. ஆனால் அதன் உட்பொருள் தெளிவு: வேண்டுவது விலக்கு அன்று, சீர்மை. வாரத்துக்கு இருமுறை கீரை என்றால் மஸ்கட்டிலும் இருமுறை, மன்னார்குடியிலும் இருமுறை.

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குப் போதுமானதாக அமெரிக்க அளவுகோல் கூறுவது ஆணுக்கு 120, பெண்ணுக்கு 90 மைக்ரோகிராம். 100 கிராம் முட்டைக்கோசில் சுமார் 75 உண்டு, கொத்துமல்லித் தழையில் 300-க்கு மேல், பாலக்கீரையில் 480 அளவில். அரபு உணவகங்களில் கிடைக்கும் தபூலா என்னும் கூட்டில் பெரும்பகுதி பார்ஸ்லித் தழை. அத்தழையில் 100 கிராமுக்கு 1,600 மைக்ரோகிராம். கீரையே தொடுவதில்லை என்று சொல்லிக்கொண்டு, விருந்தில் ஒரு கிண்ணம் தபூலாவும் ஒரு கட்டு ஜர்ஜீர் இலையும் உண்பவர் தம்மை அறியாமலே தராசை அசைக்கிறார்.

உணவைவிடக் கொடிய இடர் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் இந்நோயாளிகள் பலருக்குத் தரப்படுவது வார்ஃபரின் அன்று, அசினோகுமரால். 'அசிட்ரோம்' என்ற வணிகப் பெயரே மக்கள் அறிந்தது. வளைகுடா மருத்துவமனைகளிலோ பெரும்பாலும் வார்ஃபரின். இரண்டும் ஒரே இனம், வலிமை வேறு. மில்லிகிராமுக்கு மில்லிகிராம் அசினோகுமரால் ஏறத்தாழ இருமடங்கு வலியது. அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை தீர்ந்துபோய், 'இரண்டு மில்லிகிராம்' என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்து வார்ஃபரின் இரண்டு மில்லிகிராம் உண்பவருக்கு வால்வு அடைபடும் இடர். இங்கே வார்ஃபரின் ஐந்து உண்டவர் ஊரில் அதே எண்ணில் அசினோகுமரால் உண்டால் குருதிப்போக்கு இடர். மருந்து மாறும்போதெல்லாம் 'ஐ.என்.ஆர்.' என்னும் குருதிச் சோதனையை மருத்துவர் சொல்லும் நாள்களில் செய்தே ஆக வேண்டும். அவ்வெண் சீரற்ற துடிப்பு உள்ளோருக்குப் பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையில், சில வால்வுகளுக்கு 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் என்று வகுக்கப்படும். சோதனைக்குக் காசு, விடுப்பு, மேற்பார்வையாளரின் ஒப்புதல் மூன்றும் வேண்டியிருப்பதால் தொழிலாளர்கள் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். நோயைச் சொன்னால் வேலை போகுமோ என்ற அச்சமும் அதில் கலந்திருக்கிறது. முதுகு வலிக்கு ஊரிலிருந்து பை நிறையக் கொண்டுவரும் வலிநீக்கி மாத்திரைகளும், யாரோ கொடுத்த சூரணமும் இவர்களுக்கு ஆகா.

தொடக்கத்தில் சொன்ன 'கே2' மாத்திரைக்கு வருவோம். குருதிக்குழாயில் கால்சியம் படிவதை இது தடுக்கும் என்பது விளம்பரம். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகர ஆய்வு 2004-இல், 'கே2' மிகுந்த உணவு உண்போருக்கு இதய நோய் குறைவாக இருந்ததைக் காட்டியது. அது உணவுப் பழக்கத்தைக் கவனித்த ஆய்வு; மாத்திரை கொடுத்துப் பார்த்ததன்று. 2022-இல் வெளியான டென்மார்க் ஆய்வில் 365 ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இரண்டாண்டுகள் 'கே2', 'டி' இரண்டையும் கொடுத்துப் பார்த்தனர். இதயப் பெருநாடி வால்வில் கால்சியம் படிவது குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. காசு கொடுத்து வாங்குவோர் இதையும் அறிந்து வாங்கலாம். வார்ஃபரின் உண்பவரோ மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடவே கூடாது. ஜப்பானில் இம்மருந்து உண்போருக்கு, 'கே2' நிறைந்த நாட்டோ என்னும் புளித்த சோயா உணவு தடுக்கப்பட்டிருப்பது இதே காரணத்தால்தான். வீட்டில் 'டி' மாத்திரைப் புட்டி எல்லாருக்கும் பொதுவாக மேசைமேல் இருக்கும். அதில் 'கே' கலந்திருக்கிறதா என்று படித்துப் பார்க்கும் வேலையை ஆங்கிலம் நன்கறிந்த பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளலாம்.

அவர்கள் ஏற்கக்கூடிய இன்னொரு வேலையும் உண்டு. சட்டைப்பையில் அடங்கும் ஓர் அட்டை; தமிழ், ஆங்கிலம், அரபு மூன்றிலும். மருந்தின் வணிகப் பெயர் மட்டுமன்றி அதன் இயற்பெயர், மில்லிகிராம், கடைசி ஐ.என்.ஆர். எண்ணும் நாளும், வால்வின் வகை, பொருத்திய இடம், ஆண்டு, அவசரத்தில் அழைக்க வேண்டிய எண். குழந்தைக்கென்றால் பிறந்த நாளும், 'கே' ஊசியின் அளவும், போட்ட நேரமும். அரபு மொழியைப் பள்ளியில் கற்கும் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு மருத்துவரின் துணையோடு ஒரு வார இறுதியில் செய்து முடிக்கக்கூடிய பணி இது. அச்சுச் செலவும் பெரிதன்று. தொழிலாளர் விடுதிகளில் வழங்குவதற்கு வரும் இரமலானுக்கு முன் ஆயத்தமானால் நன்று. உண்ணும் வேளையும் உணவும் ஒரு மாதம் முழுவதும் மாறுவதால் நோன்பிருப்போருக்குச் சோதனை மிகவும் தேவைப்படும் காலம் அது.